வெளிதான் ஊரைக் கட்டியது

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சான்றோர்களே, என் அணித் தோழர்களே, மணலில் பாய் விரித்தும் வலைக்குவியலில் சாய்ந்தும் இந்த நேரம்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பகுதிப் பெரியோர்களே, தாய்மார்களே, என் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் மக்களை ஒருவரோடு ஒருவர் பிணைத்து வைத்திருப்பதும், நம் பண்பாட்டைக் காத்து வருவதும் பெரிதும் வீட்டு வாழ்வா, வெளி வாழ்வா என்பது இன்றைய தலைப்பு. வெளி வாழ்வே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா அவர்கள் மிக அழகாகப் பேசினார்கள். மொழியும் மரியாதையும் உணவுப் பழக்கமும் அடுப்படியிலும் கூடத்திலும்தான் கைமாறுகின்றன என்றார்கள். வெளி வாழ்வு என்பது ஏழைக்கு வேறு வழியின்மை, வசதி படைத்தவருக்கு விடுமுறைப் பொழுதுபோக்கு, இரண்டுக்கும் நடுவில் அதில் பண்பாடு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து பேசிய சகோதரி, வெளி என்பது எல்லாருக்கும் திறந்திருந்ததே இல்லை, சாதி பார்த்தும் பெண் என்று பார்த்தும் விலக்கி வைத்த இடம் அது என்று சொன்னபோது, இந்தக் கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டதை நானும் கவனித்தேன். அந்தக் கருத்துக்கு நான் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும், சொல்வேன். ஆனால் அதற்கு முன் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

நடுவர் அவர்களே, நான் வீட்டைப் பழிக்க வரவில்லை. என் தாயின் மடியும் ஒரு வீட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் ஒரு வீடு யாரையெல்லாம் சேர்த்து வைக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிறப்பால் உறவானவர்கள், திருமணத்தால் உறவானவர்கள், நாமே விரும்பி அழைத்த விருந்தினர் ஆகியோரைத்தான் அது சேர்க்கிறது. நமக்கு எந்த உறவும் இல்லாத, நாம் தேர்ந்தெடுக்காத, சில நேரங்களில் நமக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒருவரோடு தோளோடு தோள் நின்று ஒரு காரியத்தை முடிக்கும் பழக்கத்தை எந்த வீடும் நமக்குக் கற்றுத் தரவில்லை. அந்தப் பழக்கத்துக்குத்தான் ஊர் என்று பெயர், அது கூரை இல்லாத இடத்தில்தான் விளைகிறது என்பது என் கட்சி.

இதை நான் ஏட்டிலிருந்து சொல்லவில்லை. இந்தக் கரையில் கரைவலை இழுத்ததைப் பார்த்தவர்கள் இங்கே நூறு பேராவது இருப்பீர்கள். வல்லம் என்னும் படகு கடலுக்குள் போய் அரைவட்டமாக வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு கயிறுகளும் கரையில் நெடுந்தூரம் தள்ளித் தள்ளி இருக்கும். கயிற்றுக்கு இத்தனை பேர் என்று பிரிந்து நின்று, குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் ஓட்டத்துக்கு ஏற்ப ஓரடி ஓரடியாகப் பின்வாங்குவார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றை வளையமாகச் சுருட்டி வைத்துவிட்டு, ஈர மணலில் நடந்துபோய்த் தண்ணீரின் விளிம்பில் முதல் ஆளாகக் கயிற்றைப் பிடிப்பார். இப்படிக் கடைசி ஆள் முதல் ஆளாகவும் முதல் ஆள் கடைசி ஆளாகவும் இரண்டு மணி நேரம் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பக்கம் வேகமாக இழுத்து மறுபக்கம் தளர்ந்தால் வலை கோணிவிடும், மீன் போய்விடும். அதனால் அந்தப் பக்கத்துக் கயிற்றில் தன் பங்காளிப் பகையாளியே நின்றாலும், அவன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் இவன் தன் காலை எடுத்து வைக்க வேண்டும். மீன் சேர்ந்திருக்கும் வலையின் மடி கரையேறிய பிறகு பங்கு பிரிப்பார்கள். வலைக்கு ஒரு பங்கு, வல்லத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அது போக, வழியே போன ஒருவர் கயிற்றில் பத்து நிமிடம் கை வைத்திருந்தாலும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். ஒரு கை சூடையோ காரலோ அவர் துண்டில் விழும். அவர் யார், எந்தத் தெரு என்று அந்த நேரத்தில் யாரும் கேட்டதில்லை. எதிரணித் தலைவர் ஐயா தேடிய பண்பாடு அந்த ஒரு கை மீனில் இருக்கிறது. அது ஏழ்மையினால் வந்ததும் இல்லை, பொழுதுபோக்கினால் வந்ததும் இல்லை. ஒன்றாக இழுத்தால்தான் வலை வரும் என்ற அறிவினால் வந்தது.

வீட்டில்தான் மொழி கைமாறுகிறது என்றார்கள். எந்த மொழி என்று நான் கேட்கிறேன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்து, கடலின் ஓட்டத்தை நீவாடு என்றும் ஓதத்தை ஏற்றம், வற்றம் என்றும் பிரித்துச் சொல்லும் இந்தத் தமிழ் எந்த வீட்டுக் கூடத்தில் பிறந்தது? காற்று முகத்தில் படாத ஒருவருக்கு அந்தச் சொற்களால் என்ன பயன்? சாயல்குடிப் பக்கம் போனால் பாளை, கலயம், பதநீர், விடிலி என்று இன்னொரு சொற்கூட்டம் கிடைக்கிறது. விடிலி என்பது பனங்காட்டுக்குள்ளேயே, பருவம் முடியும் வரை குடும்பத்தோடு தங்கிக் கருப்பட்டி காய்ச்சும் ஓலைக்குடில். கணவர் காலையும் மாலையும் மரமேற, மனைவி அடுப்பின் முன் நின்று பதநீரின் கொதியைப் பார்த்துப் பதம் சொல்வார். நம் முன்னோர் இலக்கணம் எழுதியபோதும், வாழ்க்கைக்கு முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும்தான் வைத்தார்கள். நெய்தலுக்குச் சிறுபொழுதாகச் சூரியன் சாயும் எற்பாட்டை வைத்தார்கள். படகுகள் கரை திரும்பும் அந்த நேரத்தை வெளியில் நின்று பார்க்காத ஒருவரால் அப்படி ஓர் இலக்கணத்தை எழுதியிருக்க முடியாது. மன்றம் என்ற சொல்லே பழந்தமிழில் ஊர் நடுவே மரத்தடியில் மக்கள் கூடும் பொதுவிடத்தைக் குறித்தது. இன்று நாம் நடத்தும் பட்டிமன்றத்தின் பெயரில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதிரணித் தலைவர் ஐயா கல்வியையும் வீட்டுக்குள், கூரைக்குக் கீழ் வைத்தார்கள். நான் ஓர் ஆசிரியை. என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்தத் தீவில் 1931இல் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், தம் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்த பாடம் எது என்று பல மேடைகளில் அவரே சொல்லியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். புரியவில்லை என்று மாணவர்கள் சொன்னார்கள். உடனே அவர் வகுப்பு முழுவதையும் இராமேசுவரம் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போய், பறந்துகொண்டிருந்த பறவைகளைக் காட்டி, சிறகை எப்படி அடிக்கிறது, வாலை எப்படித் திருப்புகிறது என்று சொல்லிக் கொடுத்தார். கரும்பலகையால் ஆகாத காரியம் கரையில் ஆயிற்று. அந்த ஆசிரியர் வைதிகமான குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த மாணவர் படகோட்டி வீட்டு முஸ்லிம் சிறுவர். ஒருவர் வீட்டுக் கூடத்தில் மற்றவர் இயல்பாக உட்கார முடியாத காலம் அது. கடற்கரையில் அவர்கள் ஒரே பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தை எதிரணித் தோழர் ஒருவர் பெருமையோடு குறிப்பிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் தாங்கும் அந்த நெடிய கூரையைக் கண்டு வியக்காதவர் இல்லை, நானும் வியந்தவள்தான். ஆனால் யாத்திரை வந்தவர் அந்தக் கூரைக்குக் கீழே எப்போது வருகிறார்? முதலில் அக்கினி தீர்த்தத்தில், அதாவது திறந்த கடலில், முழுகிவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்த உடையோடு 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீரை ஏந்திய பிறகுதான் வருகிறார். தேவிபட்டினத்தில் நவபாஷாணம், அதாவது ஒன்பது கோள்களாக வழிபடும் கற்கள், கடலுக்குள்ளேயே நிற்கிறது. சேதுக்கரையில் கடலே தீர்த்தம். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு தெரு வழியே ஊர்வலமாக வருகிறது. அன்று அந்தத் தெருவில் நிற்பவர்களை மதம் பார்த்து எண்ணிப் பிரிக்க யாராலும் இயலாது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு நம் கரையிலிருந்து படகுகள் போகின்றன. அங்கே அக்கரைத் தமிழரும் இக்கரைத் தமிழரும் அந்த ஒற்றைத் தீவின் மரத்தடிகளில் உட்கார்ந்து சோறு பகிர்கிறார்கள். ஆண்டு முழுவதும் இரண்டு நாட்டுச் சட்டங்கள் பிரித்து வைக்கும் மக்களுக்கு அந்த ஓரிரு நாள்களின் வெட்டவெளிதான் உறவாக இருக்கிறது.

இனித் தனுஷ்கோடிக்கு வருகிறேன். 1964 டிசம்பர் 22ஆம் நாள் புயல் இரவை நினைவூட்டி, வெளியை நம்பியவர்களை வெளி என்ன செய்தது என்று கேட்டார்கள். என் தாத்தாவின் தம்பி குடும்பம் அந்த இரவில்தான் போயிற்று. ஆகவே இதை வாதத்துக்காக மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் புயல் ஓலைக்குடிசையையும் ஓட்டு வீட்டையும் கல் கட்டடத்தையும் ஒன்றாகத்தான் பார்த்தது. பயணிகளோடு வந்துகொண்டிருந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. இன்றும் அங்கே போனால் தேவாலயத்தின் சுவர் நிற்கிறது, ரயில் நிலையத்தின் சுவர் நிற்கிறது. கூரை மட்டும் எதிலும் இல்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவிக்கப்பட்ட அந்த மணலில், அந்தச் சுவர்களுக்குப் பக்கத்திலேயே, மீனவக் குடும்பங்கள் இன்றும் வலை பின்னிக்கொண்டும் கருவாடு காய வைத்துக்கொண்டும் இருக்கின்றன. அவர்களைக் காப்பது காற்றைப் படிக்கும் அறிவும், அடுத்த குடிசையில் ஆள் இருக்கிறாரா என்று குரல் கொடுத்துக் கேட்கும் பழக்கமும்தான். புதிய கருவிகளை நாங்கள் ஒதுக்கவும் இல்லை. பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 என்னும் சமுதாய வானொலி காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் சொல்லும்போது, வலை சீர்படுத்தும் இடத்தில் ஒருவருடைய கைப்பேசியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று கேட்கிறார்கள். வீட்டுக்குள் அதே கைப்பேசி பத்துப் பேரையும் பத்து மூலைகளில் உட்கார்த்தி வைத்திருக்கிறது.

வெளி வாழ்வு பணக்காரரின் பொழுதுபோக்கு என்ற கருத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபிறகு, வண்டியை விட்டு இறங்கி, ஒரு படம் எடுத்து, ஒரு தண்ணீர்ப் போத்தலை மணலில் எறிந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து எனக்கும் நெஞ்சு எரிகிறது. ஆனால் அவர்களை என் அணியில் சேர்க்காதீர்கள். அவர்கள் வெளியைப் பார்க்க வந்தவர்கள். அங்கே வாழ வந்தவர்கள் இல்லை. ஓர் இடத்தில் வாழ்வது என்றால், அந்த இடத்துக்கு நாம் செய்ய வேண்டியது ஏதோ இருக்கிறது என்ற உணர்வு வரும் அளவுக்கு அங்கே நிற்க வேண்டும்.

உலகத்தின் மறுகோடியில் இருக்கும் நார்வே நாட்டை இதற்குச் சான்றாகச் சொல்கிறேன். அது பணக்கார நாடு, குளிர் நாடு, வீட்டுக்குள் முடங்குவதற்கு எல்லாக் காரணமும் உடைய நாடு. அங்கே வெளி வாழ்வுக்கு ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ் என்று ஒரு சொல் இருக்கிறது. திறந்த காற்றில் வாழும் வாழ்வு என்று பொருள். அங்கே மலைநடைப் பயணிகளுக்கான சங்கம் 1868இல் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் மலைக்குடில்களில் பலவற்றில் காவலுக்கு ஆளே கிடையாது. உறுப்பினர்கள் வாங்கிக்கொள்ளும் சாவி ஒரே மாதிரி இருக்கும். வந்தவர் திறந்து, தங்கி, விறகு பிளந்து வைத்து, எடுத்த உணவுக்குக் கணக்கெழுதிப் பணம் செலுத்திவிட்டுப் போவார். அடுத்து வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காக விறகு பிளந்து வைக்கிறாரே, அவருக்கும், வழிப்போக்கனின் துண்டில் ஒரு கை மீன் போடும் நம் கரையாளருக்கும் என்ன வேறுபாடு? 1957இல் அந்த நாடு இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. பயிர் செய்யாத நிலம் யாருக்குச் சொந்தமானாலும், அதன் வழியே நடக்கவும் தங்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு. கூடாரம் மட்டும் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்காரரின் அமைதியைக் காப்பாற்ற 150 மீட்டரை அளந்து கொடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் வெளியை எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். வெளி வாழ்வு சமுதாயத்தின் கட்டுமானம் என்று அவர்கள் உணர்ந்திருக்காவிட்டால், அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்திருப்பார்களா?

சகோதரி கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். வெளி எல்லாருக்கும் திறந்திருந்ததில்லை என்றார்கள். உண்மை. ஒரு கிணற்றடி, ஒரு தெரு, ஒரு மந்தை என்று இந்த மாவட்டத்திலேயே விலக்கி வைத்த இடங்களின் பட்டியல் நீளமானது. அதை நினைத்தால் நமக்குத் தலைகுனிவுதான். ஆனால் அந்த விலக்கை வெளி செய்யவில்லை. வீட்டுக்குள் வைத்துச் சொல்லிக் கொடுத்ததைத்தான் சிலர் வெளியிலும் கொண்டுவந்து வேலியாக நட்டார்கள். அந்த வேலியைப் பிடுங்கிய போராட்டங்கள் எங்கே நடந்தன என்று பாருங்கள். 1924இல் வைக்கத்தில் மக்கள் கேட்டது, கோயிலைச் சுற்றியிருக்கும் தெருவில் எங்கள் கால் நடக்க வேண்டும் என்பதைத்தான். தந்தை பெரியார் அதற்காகச் சிறைக்குப் போனார். 1932இல் இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தில், வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலத்தின் வழியே நடப்பதற்காக ஆலைத் தொழிலாளர்களான இளைஞர்கள் திரண்டு ஏறினார்கள்; ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஒருவர் வீட்டுக்குள் யாரை விடுவது என்பதை அந்த வீட்டுக்காரர்தான் முடிவு செய்வார். அதை எதிர்த்துப் போராட வழியில்லை. தெரு எல்லாருக்கும் உரியது, கரை எல்லாருக்கும் உரியது என்பதால்தான் அங்கே உரிமை கேட்க முடிந்தது. சமத்துவம் என்ற எண்ணத்தை நாம் காலால் நடந்து கற்றோம்.

பெண்களைப் பற்றியும் சகோதரி சொன்னார்கள். எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய முதல் வாரம், திடலின் ஓரத்தில் சில தாய்மார்கள் வந்து நின்றார்கள். பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் பயந்தேன். ஒரு பிள்ளை மூச்சுப் பிடித்து ஏறிப் போய், இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தும் விடாமல் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டபோது, அந்தத் தாய்மார்களில் ஒருவர், தம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து அவர்தான் புழுதி கிளம்பாமல் திடலுக்குத் தண்ணீர் தெளிக்கிறார். கோட்டைத் தொட்ட அந்தப் பிள்ளைக்கு அவளுடைய வீட்டுக்குள் இடம் எதுவோ எனக்குத் தெரியாது. திடலில் அவள் அணித்தலைவி.

நடுவர் அவர்களே, நான் பாசி எடுத்த ஒருவரின் மகள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், மூச்சை அடக்கி முழுகி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்துவரும் பெண்களில் என் தாயாரும் ஒருவர். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் வரும் சில நாள்கள்தான் தொழில் நாள்கள். விடிவதற்கு முன் எழுந்து, பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் பழந்துணியைச் சுற்றிக் கட்டுவார். இரண்டாவது கையைத் தனக்குத்தானே கட்டிக்கொள்ள வராது, என்னைக் கூப்பிடுவார். சுண்டுவிரலில் தொடங்கு, முடிச்சை உள்ளங்கைப் பக்கம் போடாதே என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, தண்ணீரை உந்துவதற்குக் காலில் தகடு. அந்த வல்லத்தில் ஒரு கிறித்தவ அக்கா இருந்தார், ஒரு முஸ்லிம் பாட்டி இருந்தார், எங்கள் தெருவோடு பேச்சுவார்த்தை இல்லாத தெருவைச் சேர்ந்த இருவர் இருந்தார்கள். தண்ணீருக்குள் போனவரின் தலை வெளியே வருவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரமானால், மற்றவர்கள் தங்கள் பாசிப் பையை விட்டுவிட்டு அந்த இடத்துக்குப் போவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத தெரு என்பதை அங்கே யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில், பாசியும் வளரட்டும் என்று அந்தப் பெண்கள் தாங்களாகவே கூடிப் பேசி ஒதுங்கியிருப்பார்கள். எந்தப் புத்தகமும் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. அதே பாறைக்கு அடுத்த மாதமும் போக வேண்டியவர்கள் என்பதால் அவர்களுக்கே தெரிந்திருந்தது.

இதே என் ஊரில்தான், சில ஆண்டுகளுக்கு முன், கரைக்குப் போகும் பழைய பாதையின் குறுக்கே ஒரு சுற்றுச்சுவர் எழுந்தது. தங்கும் விடுதி ஒன்றுக்காக. விருந்தினருக்குக் கடல் தெரிய வேண்டும், கருவாட்டு வாசனை வரக்கூடாது என்றார்கள். கடற்கரைக்கு ஒழுங்குமுறை வேண்டுமென்று 1991இலேயே மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு, ஓதத்தின் உச்சக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு கொண்டுவந்த நாடு இது. ஆனாலும் பாசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு என் தாயாரும் அவருடைய தோழிகளும் அந்தச் சுவரைச் சுற்றி அரை மைல் கூடுதலாக நடந்தார்கள். வீட்டு வாழ்வை மட்டுமே பெரிதாக எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை. சுவருக்கு உள்ளே இருந்தவர்களும் கடலைத்தான் விரும்பினார்கள். அதை மற்றவரோடு சேர்ந்து விரும்பத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் கூடி மனுக் கொடுத்து, அலைந்து, ஓராண்டுக்குப் பிறகு ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு வழி கிடைத்தது. வலை சுமந்து போக அந்த அகலம் இன்னும் போதாது. அதற்காக இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மணியடித்துவிட்டீர்கள், இன்னும் ஒரு செய்தி சொல்லி அமர்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, பாசி இறக்கும்போது வழுக்கி விழுந்து என் தாயாருக்குக் கால் முறிந்தது. இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. உறவினர்கள் வந்தார்கள், பழம் வாங்கி வந்தார்கள், அன்போடு பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும், வல்லம் கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும், பாசியை எடைபோட்ட பிறகு வல்லத்தில் போனவர்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டித்தான் பங்கு பிரித்தார்கள். கூடுதலாக இருந்த அந்தப் பங்கை, எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத தெருவைச் சேர்ந்த அம்மாதான் கொண்டுவந்து, வாசற்படிக்கு வெளியே நின்றபடி என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டுக்குள் அவர் வந்ததில்லை. வரக்கூடாது என்பது இரண்டு தெருவின் வழக்கம்.

எனக்குப் பின் பேச இருக்கும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி வைக்கிறேன். கடலுக்கே வராத ஒருவருக்கும் பங்கு உண்டு என்ற அந்தக் கணக்கை, அந்த அம்மாவும் என் தாயாரும் எந்த வீட்டில் கற்றுக்கொண்டார்கள் என்பதை மட்டும் நண்பர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.